திருமலைக்கு அப்பால்: தலக்கோனா வனத்தில் ஓர் இரவு

ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு மலையிறங்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, மறுநாளைக் கழிப்பதற்கென்று ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. திருச்சானூரில் தாயாரை வணங்கி, காளத்திக்கோ காணிப்பாக்கத்துக்கோ சென்றுவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் பேருந்தையோ இரயிலையோ பிடித்துவிடுவார்கள். நாங்களும் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தோம். இம்முறை எங்கள் வண்டி அவ்வழிகளை விட்டு, சந்திரகிரியைக் கடந்து, பீலேர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறியது.

அதற்குக் காரணம், எங்களுடன் வந்திருந்த பத்து வயதுச் சிறுமி மலைமேல் கேட்ட ஒரு கேள்வி. குழாயில் நீர் பிடித்துக் குடித்தவள், இத்தனை உயரத்தில், நாள்தோறும் இத்தனை ஆயிரம் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றாள். பாபவிநாசம், ஆகாயகங்கை, கோகர்ப்பம், குமாரதாரை, பசுப்புதாரை என மலைமேல் உள்ள நீர்த்தேக்கங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னோம். மலையடிவாரத்தில் இருக்கும் கல்யாணி அணையையும் சேர்த்துக்கொண்டோம். அந்த நீர்த்தேக்கங்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது அவளுடைய அடுத்த கேள்வி. காட்டிலிருந்து வருகிறது என்று விடை சொல்லும்போதுதான், அந்தக் காட்டை நாங்கள் ஒருவரும் பேருந்தின் சன்னல் வழியாகவன்றி வேறெவ்விதமாகவும் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

இது சற்று வெட்கப்பட வேண்டிய செய்திதான். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகக் குறிக்கிறது. வேங்கட நாட்டை ஆண்ட புல்லி என்னும் தலைவனைச் சங்கப் பாடல்கள் அறிமுகம் செய்கின்றன. ஆழ்வார்கள் அம்மலையின் அருவிகளையும் சுனைகளையும் மூங்கிற்காடுகளையும் பாடிப் பரவினார்கள். நூல்களின் வழியே இத்தனை நெருக்கமாக அறிந்த மலையின் காட்டுக்குள் ஒரு நாளேனும் நடந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மலையும் காடும்

திருமலை அமைந்திருக்கும் சேஷாசல மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. ஆதிசேடனின் தலை திருமலையாகவும், உடலின் நடுப்பகுதி அகோபிலமாகவும், வால் ஸ்ரீசைலமாகவும் அமைந்தன என்பது மக்கள் வழக்கில் உள்ள கதை. இம்மலைத்தொடரில் 353 சதுர கி.மீ. பரப்பு 1989ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2010ஆம் ஆண்டில், அன்றைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரவிய ஏறத்தாழ 4,756 சதுர கி.மீ. நிலம் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஆந்திர மாநிலத்தின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுவே.

மலைப்பாதையில் பேருந்து வளைந்து ஏறும்போது நாம் கடந்து செல்லும் பாறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அடியில் இருப்பது மிகப் பழைய கருங்கல். அதன்மீது படிந்திருப்பது குவார்ட்சைட் என்னும் இறுகிய மணற்பாறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். கீழ்ப்பாறையில் ஒரு கையும் மேற்பாறையில் ஒரு கையும் வைத்து நிற்பவர், அத்தனை கோடி ஆண்டுகளை ஒரே நேரத்தில் தொட்டவர் ஆகிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தையும், மலைமேல் உள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைப் பாறை வளைவையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்துள்ளது.

வனவிடுதி என்றதும் பலருக்கும் அமேசான் ஆற்றங்கரையின் மழைக்காடுகளே நினைவுக்கு வரும். சேஷாசலம் அத்தகைய மழைக்காடு அன்று. கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. ஆயினும் ஓடைகள் இறங்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஈரமும் நிழலும் நிலைத்திருப்பதால், அங்கே மட்டும் காடு அடர்ந்து பசுமை குன்றாமல் நிற்கிறது. அத்தகைய பள்ளத்தாக்குகளுள் ஒன்றே தலக்கோனா. தெலுங்கில் 'தல' என்றால் தலை. 'கோன' என்றால் மலையிடையே அமைந்த கானகம்.

வழிகாட்டியின் முதற்சொல்

திருப்பதியிலிருந்து தலக்கோனா ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு. ரங்கம்பேட்டையைக் கடந்து, பாகராப்பேட்டைக் கணவாயில் ஏறி இறங்கி, எர்ராவாரிபாளையம் மண்டலத்தைச் சேர்ந்த நேரபைலு என்னும் சிற்றூரை அடைந்தோம். வழிநெடுகத் தக்காளி வயல்களும் மாந்தோப்புகளும் இருந்தன. நேரபைலுவுக்குப் பிறகு அவை மறைந்து, சாலையின் இருபுறமும் மரங்கள் நெருங்கி வந்தன. வனத்துறையின் சோதனைச் சாவடியில் பெயர்களைப் பதிந்துகொண்டு உள்ளே சென்றோம்.

நாங்கள் தங்கிய விடுதியில் ஆடம்பரம் எதுவும் இல்லை. சுத்தமான கட்டில், கொசுவலை அடித்த சன்னல், சூடான சோறும் புளிப்பான கோங்குராத் துவையலும் கிடைக்கும் சிறு உணவுக்கூடம், அவ்வளவே. கைப்பேசியில் அலைவரிசை அடிக்கடி அறுந்துபோனது; முதல் ஒரு மணி நேரம் அது எங்களுக்குக் குறையாகத் தெரிந்தது. கதவைத் திறந்தால் ஓடையின் ஓசை கேட்டது. பிற்பகலுக்குள் கைப்பேசியை எங்கே வைத்தோம் என்பதையே மறந்திருந்தோம்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பது வயதைக் கடந்தவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். பெரியவர்களைச் 'சாமி' என்றும் 'அம்மா' என்றும், சிறுமியைப் 'பாப்பா' என்றும் அழைத்தார். புறப்படுமுன் சில கட்டுப்பாடுகளைச் சொன்னார். வாசனைத் திரவியம் வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா, அவருக்கு முன்னால் எவரும் செல்லக் கூடாது, கீழே கிடக்கும் எந்தக் கட்டையையும் எடுக்கக் கூடாது. இறுதியாக 'நிதானங்கா' என்றார். தெலுங்கில் அதற்கு மெதுவாக என்று பொருள். தமிழில் நிதானம் என்றால் நாம் வேறொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறோம். அன்று முழுவதும் அச்சொல்லை இரண்டு பொருளிலும் அவர் எங்களுக்குக் கற்பித்தார்.

அவருக்கு முன்னால் செல்லக் கூடாது என்பது வெறும் சடங்கு அன்று. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். இலட்சக்கணக்கானோர் நடக்கும் படிக்கட்டுப் பாதைக்கும் காட்டுக்கும் இடையே உண்மையில் மதில் எதுவும் இல்லை. காடு சிறுத்தையின் வீடு. அதில் நாம் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரரின் பின்னால்தான் உள்ளே போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவை

தனியாக நடந்திருந்தால் எங்கள் கண்ணில் மரங்கள் மட்டுமே பட்டிருக்கும். வழிகாட்டியுடன் நடந்தபோது ஒவ்வொரு மரமும் பெயர் பெற்றது. பத்துப் பதினைந்து மரங்களைச் சுற்றி வளைத்து, யானைத் துதிக்கைபோல் பருத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி படர்ந்திருந்த ஒரு பெருங்கொடியின் அருகில் அவர் நின்றார். தெலுங்கில் அது 'கில்லத்தீக'. தாவரவியலார் அதனை என்டாடா என்பர். அவரை இனத்தைச் சேர்ந்த அக்கொடியின் காய் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் என்றபோது, சிறுமி தன் உயரத்தைக் கையால் அளந்து பார்த்துக்கொண்டாள்.

சற்றுத் தொலைவில், மேலே, உலர்ந்த சுள்ளிகளும் இலைகளும் பந்தாகத் திரண்டிருந்தன. பருந்தின் கூடு என்று நினைத்தோம். மலை அணிலின் கூடு என்றார். நாய்க்குட்டி அளவுள்ள அந்த அணில் மரம் விட்டு மரம் தாவியே வாழ்நாளைக் கழிக்கிறது. தரையில் இறங்குவது அரிது. மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடுகின்ற காட்டில் மட்டுமே அதனால் வாழ முடியும். பத்து மரங்கள் விழுந்து ஓர் இடைவெளி ஏற்பட்டால் அதற்கு வழி அறுந்துபோகிறது. இக்காட்டில் இரவில் மட்டுமே நடமாடும் தேவாங்கும், முயலைவிடச் சற்றே பெரிதான சருகுமானும், கூட்டமாக வேட்டையாடும் செந்நாயும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை. ஈரமண்ணில் பதிந்திருந்த சிறு குளம்படிகளைக் காட்டி, விடியுமுன் சருகுமான் இவ்வழியே நீர் குடிக்கப் போயிருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். பார்த்ததற்கு இணையான மகிழ்ச்சியை அது தந்தது.

ஓடையை ஒட்டிய பாறைக் குடைவு ஒன்றில் அவர் குனிந்து விளக்கை அடித்தார். உட்புறப் பாறையில் சுண்ணாம்புப் பொட்டுகள் வைத்ததுபோல் வெண்ணிற வட்டங்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. அவை பொன்பல்லிகளின் முட்டைகள். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் குளிர்ந்த பாறையிடுக்குகளில் வாழும் இப்பல்லியை 1870இல் பெட்டோம் என்னும் ஆங்கிலேய அதிகாரி அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். பல பல்லிகள் ஒரே பாறையில் முட்டையிட்டு ஒட்டவைப்பதும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பொன்மஞ்சளாக ஒளிர்வதும் இதன் இயல்பு. காஞ்சி வரதராசர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கியிருந்த எங்கள் சிறுமிக்கு, உயிருள்ள பொன்பல்லி ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்பது அன்றைய நாளின் பெரிய செய்தி. பகலில் பாறைக்குள் உறங்கும் அதனை எழுப்பக் கூடாது என்று அவளே எங்களை அடக்கினாள்.

சித்தேஸ்வர சுவாமி கோயிலைக் கடந்து, படிகளும் கற்களுமாக ஏறும் பாதையின் முடிவில் அருவி தென்பட்டது. ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழும் இது ஆந்திர மாநிலத்திலேயே உயரமான அருவி. மழை முடிந்த சில வாரங்கள் ஆகியிருந்தமையால் பேரிரைச்சல் இல்லை. வெண்ணிற நூலிழைகளாகப் பிரிந்து, பாறையைத் தடவியபடி நீர் இறங்கியது. மழை நின்ற பிறகும் இந்நீர் எப்படி வருகிறது என்று கேட்டோம். மழைநீரை மரங்களின் வேரும் சருகும் பிடித்து நிறுத்துகின்றன. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, உள்ளேயே நடந்து, சிறிது சிறிதாக வெளியே வருகிறது என்று அவர் விளக்கினார். மேலே மரம் இல்லாவிட்டால், பெய்த அன்றே வெள்ளம்; மறுநாள் வெறும் பாறை. திருமலையில் சிறுமி கேட்ட கேள்விக்கு முழு விடை இங்கேதான் கிடைத்தது.

அருவியடியில் இருந்த மடுவில் இறங்க எங்களில் ஒருவர் விரும்பினார். வழிகாட்டி சிரித்தபடியே, ஆனால் உறுதியாக, மறுத்துவிட்டார். மேலிருந்து பார்க்கும்போது முழங்கால் அளவே தோன்றும் நீர், பாறைக்கு அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் கொண்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் முதுமொழி இத்தகைய இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஓடிய சிறு கால்வாயில் முகம் கழுவிக்கொண்டோம்.

செம்மரத்தின் முன்

திரும்பும் வழியில் ஒரு மரத்தின் அருகில் அவர் தாமே நின்றார். முதலையின் முதுகுபோல் கட்டங்கட்டமாக வெடித்த கரும்பட்டை. மூன்று மூன்றாக வட்ட இலைகள். அகலம் குறைந்த நேரான தண்டு. செம்மரம். உலகில் இம்மரம் இயற்கையாக வளர்வது தென்னாந்திரத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் அவற்றை ஒட்டிய எல்லைப் பகுதிகளிலும் மட்டுமே. இதன் செந்நிற வைரம் நீரில் மிதக்காது, அத்தனை கனம். அந்த வைரம் முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சிறுமிக்கு மரத்தைப் புரியவைக்க எளிய வழி ஒன்று இருந்தது. நவராத்திரிக் கொலுவில் முதலில் எடுத்து வைக்கும் மரப்பாச்சிப் பொம்மைகள் காலங்காலமாக இம்மரத்தில்தான் கடையப்பட்டன. திருப்பதி யாத்திரையிலிருந்து திரும்பும் பாட்டிமார் மறவாமல் வாங்கிவந்தவை அவை. தமிழ் வீடுகளின் கொலுப் படிகளில் இந்தக் காட்டின் துண்டு ஒன்று பல தலைமுறைகளாக இருந்துவந்திருக்கிறது.

பொம்மைகளுக்கு வேண்டிய மரம் சிறிதளவே. பின்னாளில் சீனத்து உயர்ந்த மரச்சாமான்களுக்கும், ஜப்பானின் சாமிசென் என்னும் நரம்புக்கருவியின் கழுத்துப் பகுதிக்கும் இம்மரத்தைத் தேடிய அயல்நாட்டுச் சந்தை வேறு வகையானது. அதன் விளைவாகக் கள்ள வெட்டு பெருகியது. 1995 முதல் இம்மரத்தின் உலக வணிகம் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆயினும் வெட்டு நிற்கவில்லை.

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், இதே சேஷாசல வனத்தில், காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். அனைவரும் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த கூலித்தொழிலாளர்கள். அந்நிகழ்வைப் பற்றிய வழக்குகளும் விவாதங்களும் ஒருபுறம் இருக்கட்டும். மரம் கடல் கடந்து போய் யாருக்கோ பெருஞ்செல்வமாகிறது. கோடரி பிடித்தவனின் வீட்டில் ஒரு புகைப்படம் மட்டும் மிஞ்சுகிறது. நாம் தரிசனத்துக்காக ஏறும் அதே மலைக்கு, நம் ஊர்க்காரர்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார்கள் என்பதை அந்த மரத்தின் முன் நின்றபோது நினைக்காமல் இருக்க முடியவில்லை. வழிகாட்டியும் சிறிது நேரம் பேசவில்லை. மரத்தை ஒருமுறை தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நிற்கும் மரத்தின் வருவாய்

அன்றிரவு உணவுக்குப் பிறகு விடுதியின் திண்ணையில் அமர்ந்து இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வெட்டிய மரம் ஒருமுறை பணம் தருகிறது. நிற்கும் மரமோ நீர் தருகிறது, நிழல் தருகிறது, எங்களைப் போன்றவர்களை வரவழைத்து, வழிகாட்டிக்கும் சமையற்காரருக்கும் வண்டியோட்டிக்கும் ஆண்டுதோறும் கூலி தருகிறது. முதலில் கைவைக்காமல் வட்டியில் வாழ்வது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் இது. மரத்தை வெட்டினால் முதலுக்கே மோசம். ஆனால் வட்டி உள்ளூர்க்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், முதலைக் காக்க வேண்டும் என்று அவருக்கு நாம் எந்த முகத்தோடு சொல்வது?

ஆந்திர மாநிலத்தில் 1990களிலிருந்து வன சம்ரட்சண சமிதிகள் என்னும் ஊர்க்குழுக்களை வனத்துறை அமைத்துவந்ததன் நோக்கமும் இதுவே: காட்டை ஒட்டி வாழ்பவர்களையே அதன் காவலர்களாகவும் பங்காளிகளாகவும் ஆக்குவது. காட்டு விடுதிகளையும் வழிகாட்டிப் பணிகளையும் உள்ளூர் மக்களைக் கொண்டு நடத்துவது அதன் ஒரு கிளை.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. தேனி மாவட்டத்தை ஒட்டியுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டுக்குள் புகுந்து வயணா மரத்தின் பட்டையைக் களவாக உரித்து விற்று வாழ்ந்த ஒரு குழுவினர், 1990களின் பிற்பகுதியில் அத்தொழிலைக் கைவிட்டு வனத்துறையின் வழிகாட்டிகள் ஆனார்கள். காவலர்களின் கண்ணில் படாமல் நடந்த ஒற்றையடிப் பாதைகளிலேயே இன்று பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். வரும்போதும் போகும்போதும் காட்டைக் காவலும் காக்கிறார்கள். களவுக்குப் பயன்பட்ட அதே அறிவுதான் காவலுக்கும் பயன்பட்டது. மாறியது கூலி வரும் வழி மட்டுமே.

உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், தம்போபாத்தா ஆற்றங்கரை மழைக்காட்டில் உள்ள 'போசாதா அமசோனாஸ்' என்னும் விடுதிக்கு ஆற்றில் படகேறித்தான் போக வேண்டும். அது இன்பியெர்னோ என்னும் ஊர்ச் சமூகத்துக்கு உரியது. எசே எகா பழங்குடியினரும் பிறரும் வாழும் அச்சமூகம் 1996இல் ஒரு பயண நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இலாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 விழுக்காடு நிறுவனத்துக்கு. நிருவாக முடிவுகளில் இருவருக்கும் சம பங்கு. இன்பியெர்னோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு நரகம் என்று பொருள். அப்பெயருடைய ஊர் தன் காட்டை வெட்டாமல் வாழ வழி கண்டுவிட்டது.

விளக்கை அணைத்த பிறகு காடு பேசத் தொடங்கியது. தவளைகள் ஓயாமல் கத்தின. இடையில் எங்கோ ஒரு மான் ஒருமுறை மட்டும் எச்சரித்துவிட்டு அடங்கியது. அதன் காரணத்தை நாங்கள் அறியோம். விடியும் வரை ஓடையின் ஓசை மட்டும் மாறவே இல்லை.

புறப்படுவோர் கவனத்திற்கு

*பருவம்:* வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அக்டோபர் முதல் சனவரி வரையிலான காலம் ஏற்றது. கனமழை நாள்களில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வருவதுண்டு. 2021 நவம்பரில் பெய்த மழையில் திருமலைப் பாதைகளே பாதிக்கப்பட்டன. வானிலை அறிவிப்பைப் பார்த்துப் புறப்படுவதும், வனத்துறை பாதையை மூடியிருந்தால் திரும்பிவிடுவதும் அறிவுடைமை.

*வழி:* திருப்பதி வரை இரயிலும் பேருந்தும் தாராளமாக உண்டு. அங்கிருந்து வாடகை வண்டியே வசதி. மாலை இருட்டுமுன் விடுதியை அடைந்துவிட வேண்டும்.

*தங்குமிடம்:* வனத்துறையின் விடுதியும் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் உள்ளன. வார இறுதியிலும் விடுமுறையிலும் முன்பதிவு இன்றியமையாதது. அரசின் அதிகாரபூர்வ வழிகளில் மட்டுமே பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் செலுத்துவதும், பதிவு செய்து தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாதவருக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தெரிவிப்பதும் வேண்டா.

*பணம்:* அலைவரிசை நிலையாக இல்லாத இடத்தில் கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. திருப்பதியிலேயே தேவையான தொகையைச் சிறு தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு உரிய கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். பயணத்தின் செலவுகளில் காட்டுக்கு நேராகப் போய்ச் சேரும் தொகை அதுவே.

*உடைமை:* வழுக்காத காலணி, கைவிளக்கு, மழையங்கி, முழுக்கைச் சட்டை, அன்றாடம் உண்ணும் மருந்துகள், உலோகக் குடிநீர்ப் புட்டி. திருமலையில் ஞெகிழிப் புட்டிகளுக்குத் தடை உண்டு. அந்த நல்ல பழக்கத்தைக் காட்டுக்குள்ளும் கடைப்பிடிக்கலாம்.

*விதி:* குரங்குகளுக்கு உணவு தரக் கூடாது. மதுவும் தீயும் கூடாது. கல், இலை, சுள்ளி எதையும் எடுத்துவரக் கூடாது. பாதுகாக்கப்பட்ட வனத்திலிருந்து செம்மரத்தின் ஒரு துண்டை எடுத்து வைத்திருப்பதும் குற்றமே.

மறுநாள் காலை விடைபெறும்போது சிறுமி வழிகாட்டியிடம், பொன்பல்லி விழித்திருக்கும்போது எப்போது வரலாம் என்று கேட்டாள். மழை முடிந்து வாருங்கள் பாப்பா, இருக்கும் என்றார் அவர். இருக்கும் என்று அவர் சொன்னது ஒரு வாக்குறுதிபோல் எங்கள் காதில் விழுந்தது. அதைக் காப்பாற்றுவது அவர் கையில் மட்டும் இல்லை. அவரைத் தேடி மீண்டும் செல்லும் நம் கையிலும் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை, பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கச் சொன்னது. பழந்துணியில் சுற்றியிருந்த மரப்பாச்சிப் பொம்மைகளை எடுத்து, நீர் நிறைந்த வாளியில் ஒன்றை மெல்ல விட்டுப் பார்த்தாள். அது மிதக்கவில்லை. கொள்ளுப்பாட்டியின் காலத்துப் பொம்மை அது. துடைத்து, மீண்டும் துணியில் சுற்றி, பத்திரமாக உள்ளே வைத்தாள்.